ஏஜென்ட் 13: வயதையும் கறையையும் வாங்கிக்கொள்ளும் உளவாளி

காமிக்ஸ் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் அட்டையில் பெரிய எழுத்தில் பெயர் வருகிற ஆட்களைப் பற்றித்தான் பேசுகிறோம். இன்னைக்கு ஒரு மாறுதலுக்காக, அட்டையில் பெயர் வராத ஒருத்தியைப் பற்றிப் பேசலாம்னு இருக்கேன். அவள் பெயர் ஷேரன் கார்ட்டர். ஷீல்டு என்ற உளவு அமைப்பின் ஏஜென்ட் 13. கேப்டன் அமெரிக்காவின் காதலி.

மார்வெல் படங்களை மட்டும் பார்த்தவங்களுக்கு, "பக்கத்து வீட்டு நர்ஸ் மாதிரி நடிச்சாங்களே, அவங்கதானே?" என்ற அளவுக்குத்தான் ஞாபகம் இருக்கும். காமிக்ஸில் அவளுக்கு வயது அரை நூற்றாண்டுக்கு மேல். அதாவது, அவள் அறிமுகமானது 1966-ல். இத்தனை வருடத்தில் அவள் செத்திருக்கிறாள், திரும்பி வந்திருக்கிறாள், காதலனையே சுட்டிருக்கிறாள், கிழவியாகியிருக்கிறாள், மறுபடி இளமையாகியிருக்கிறாள்.

இதையெல்லாம் வரிசையாகச் சொன்னால் ஏதோ மெகா சீரியல் கதை மாதிரி இருக்கும். ஆனா இதுக்குப் பின்னாடி ஒரு கணக்கு இருக்கு. பல வருடம் ஓடும் ஒரு சூப்பர் ஹீரோ தொடருக்கு எழுதப்படாத இரண்டு விதிகள் உண்டு. ஹீரோவுக்கு வயது ஆகக் கூடாது. ஹீரோவின் கையில் கறை படியக் கூடாது. ஆனால் கதை என்று ஒன்று நடந்தால் காலம் போகத்தான் செய்யும், தப்பும் நடக்கத்தான் செய்யும். அந்த வயதையும் அந்தக் கறையையும் யாராவது ஒருத்தர் வாங்கிக்கொள்ள வேண்டும். கேப்டன் அமெரிக்கா கதையில் அந்த வேலை பெரும்பாலும் ஷேரன் தலையில்தான் விழுந்தது. அது எப்படின்னு ஒவ்வொரு கட்டமா பார்ப்போம்.

சூப்பர் ஹீரோ கதைக்குள் உளவாளி எதற்கு?

முதலில் காலத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம். 1962-ல் முதல் ஜேம்ஸ் பாண்ட் படமான 'டாக்டர் நோ' வருகிறது. 1964-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'தி மேன் ஃப்ரம் அங்கிள்' தொடங்குகிறது. எங்கே பார்த்தாலும் உளவாளிகள். ரகசியக் கருவிகள், சுருக்கெழுத்தில் பெயர் வைத்த அமைப்புகள். இந்த அலையில் மார்வெலும் குதித்தது. 1963-ல் இரண்டாம் உலகப்போர் கதைகளில் சார்ஜெண்டாக அறிமுகமான நிக் ஃப்யூரியை, 1965 ஆகஸ்ட் தேதியிட்ட 'ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ்' 135-ம் இதழில் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் ஷீல்டு என்ற புது அமைப்பின் தலைவராக்கினார்கள்.

அதே சமயம் கேப்டன் அமெரிக்காவுக்கு ஒரு பிரச்சினை இருந்தது. அவன் 1941-ல் ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் உருவாக்கிய போர்க்கால ஹீரோ. 1964-ல் 'அவெஞ்சர்ஸ்' 4-ம் இதழில், போரின் முடிவில் பனியில் உறைந்துபோன ஸ்டீவ் ரோஜர்ஸ் கண்டெடுக்கப்படுகிறான். கண் விழித்தவனுக்கு இந்தக் காலத்தில் சொந்தம்னு யாரும் இல்லை. கூட இருந்த சிறுவன் பக்கி செத்துவிட்டான். வேலை இல்லை, வீடு இல்லை, காதல் இல்லை. துக்கம் மட்டும்தான் இருக்கு. ஒரு ஆள் மாதாமாதம் துக்கப்பட்டுக்கொண்டே இருந்தால் எத்தனை இதழுக்குத் தாங்கும்?

அவனுக்கு இன்றைய உலகத்தில் ஒரு பிடிமானம் தேவைப்பட்டது. வேலை கொடுக்க ஒரு அமைப்பு, மனசைக் கொடுக்க ஒரு ஆள். ஒரு பெண் உளவாளி வந்தால் இரண்டுமே ஒரே ஆளிடம் கிடைத்துவிடும். ஷேரன் கார்ட்டர் உருவான கதை இவ்வளவுதான்.

பெயர் இல்லாமல் வந்தவள்

1966 மார்ச் தேதியிட்ட 'டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்' 75-ம் இதழ். அப்போது அந்த இதழில் பாதி அயர்ன் மேனுக்கு, பாதி கேப்டன் அமெரிக்காவுக்கு. ஸ்டீவ் தெருவில் ஒரு பெண்ணைப் பார்க்கிறான். போர்க் காலத்தில் அவன் காதலித்த பெண்ணின் அதே முகச்சாயல். அவள் கையில் இன்ஃபெர்னோ 42 என்ற பயங்கர வெடிபொருள் இருக்கிறது. அதைப் பறிக்க பேட்ராக் என்ற பிரெஞ்சு சண்டைக்காரன் வருகிறான். பேட்ராக்கும் அந்த இதழில்தான் அறிமுகம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிங்க. அறிமுகமாகும்போதே ஷேரன் இன்னொருத்தியின் சாயலாகத்தான் வருகிறாள். ஸ்டீவ் திரும்பிப் பார்ப்பது இவளுக்காக இல்லை, பழைய முகத்துக்காக. இரண்டு இதழ் தள்ளி 77-ம் இதழில் அந்தப் பழைய காதலின் கதை சொல்லப்படுகிறது. அந்தக் கதையிலும் அந்தப் பெண்ணுக்குப் பெயர் கிடையாது. ஆக, பெயரில்லாத ஒருத்தியின் நிழலாக, பெயரில்லாத இன்னொருத்தி. இவளுக்கு இருந்தது ஒரு எண் மட்டும். 13.

ஷேரன் என்ற பெயர் வாசகர்களுக்குத் தெரியவந்தது 1968-ல், 'கேப்டன் அமெரிக்கா' 103-ம் இதழில். அறிமுகமாகி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்கு முன்பே, 1967-ன் கடைசியில், ஸ்டீவ் அவளிடம் கல்யாணம் பண்ணிக்கலாமா என்று கேட்டுவிட்டான். அவள் மறுத்துவிட்டாள். காரணம், அவளுடைய வேலை. ஷீல்டுக்குத் தான் செய்ய வேண்டிய கடமை இருக்கிறது என்று சொல்லிவிடுகிறாள். மனசு உடைந்த ஸ்டீவ்தான் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு, கொஞ்ச காலம் கேப்டன் அமெரிக்கா வேலையையே விட்டுவிடுகிறான்.

1967-ல் வந்த ஒரு காமிக்ஸுக்கு இது ரொம்பப் புதுசு. பெண் வேலையைத் தேர்ந்தெடுக்கிறாள், ஆண் காதலுக்காக வேலையை விடுகிறான். எழுதியவர்கள் அப்படித் திட்டம் போட்டு எழுதினார்களா என்பது வேறு விஷயம். ஆனால் அந்த ஒரு மறுப்பில்தான் எண் 13 ஒரு மனுஷியாக மாறுகிறாள்.

துணை உளவாளியின் மூன்று வேலைகள்

இந்த மாதிரி துணைப் பாத்திரமாக வருகிற உளவாளிக்குக் கதைக்குள் மூன்று வேலைகள் இருக்கும். ஷேரனை வைத்துச் சொல்றேன், மற்ற கதைகளுக்கும் நீங்களே பொருத்திப் பார்த்துக்கலாம்.

முதல் வேலை, தகவல் கொண்டுவருவது. வில்லன் எங்கே இருக்கிறான், என்ன திட்டம் போடுகிறான் என்று ஹீரோ உட்கார்ந்து ஆராய்ந்தால் பாதி இதழ் போய்விடும். உளவாளி வந்து நான்கு கட்டத்தில் சொல்லிவிட்டால் ஐந்தாவது கட்டத்தில் சண்டை தொடங்கிவிடலாம்.

இரண்டாவது வேலை, மாட்டிக்கொள்வது. ஹீரோ காப்பாற்றப் போக ஒரு காரணம் வேண்டும். இதில் உளவாளிக்கு ஒரு வசதி இருக்கிறது. சும்மா வீட்டில் இருக்கிற காதலி மாதாமாதம் கடத்தப்பட்டால் சிரிப்பாக இருக்கும். உளவாளி மாட்டிக்கொண்டால், "வேலைக்குப் போனாள், மாட்டிக்கொண்டாள்" என்று நம்பும்படி இருக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். ஹீரோ செய்ய முடியாததைச் செய்வது. கேப்டன் அமெரிக்காவின் ஆயுதம் என்ன? கேடயம். அடி வாங்குவதற்காகச் செய்த பொருள். பொய் சொல்வது, வேஷம் போடுவது, துப்பாக்கி எடுப்பது, தேவைப்பட்டால் ஆளை முடிப்பது, இதெல்லாம் அவனுக்குப் பொருந்தாது. செய்தால் அவன் கேப்டன் அமெரிக்காவாக இருக்க மாட்டான். ஆனால் நாடு, போர், அரசியல் என்று கதை சொன்னால் இந்த வேலைகள் வந்தே தீரும். அப்போது பக்கத்தில் துப்பாக்கியோடு ஷேரன் நிற்பாள். அவன் கை சுத்தமாக இருப்பதற்கு அவளும் ஒரு காரணம்.

அக்கா, அத்தை, அத்தைப் பாட்டி

இனி வயதுக் கணக்குக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான்.

ஷேரனுக்கு யாருடைய சாயல் இருந்ததோ, அந்தப் போர்க் காலக் காதலிக்கு 1973-ல் பெக்கி கார்ட்டர் என்று பெயர் வந்தது. அவள் ஷேரனுடைய அக்கா. அப்போது கதை எழுதியவர் ஸ்டீவ் இங்கிள்ஹார்ட். பெக்கி உயிரோடு இருக்கிறாள், இன்னும் ஸ்டீவை நினைத்துக்கொண்டிருக்கிறாள். இங்கே தங்கச்சியும் ஸ்டீவும் காதலிக்கிறார்கள். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மறைக்கிறார்கள். இந்தச் சிக்கலை அமெரிக்கக் கதைன்னு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, நமக்கே புரியும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அன்றைக்கு இது சரியாகத்தான் இருந்தது. போர் முடிந்த 1945-ல் பெக்கிக்கு 20 வயது என்று வைத்துக்கொள்வோம். 1966-ல் அவளுக்கு 41. ஷேரனுக்கு அப்போது 25 என்று வைத்தால், இருவருக்கும் 16 வயது வித்தியாசம். பெரிய குடும்பத்தில் மூத்த அக்காவுக்கும் கடைசித் தங்கைக்கும் அந்த அளவு இடைவெளி இருப்பது சாதாரணம்தான்.

ஆனால் காலம் நிற்கவில்லை. அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அவெஞ்சர்ஸ் குழு தொடங்கியது எப்போதுமே "சில வருடங்களுக்கு முன்னால்" என்றுதான் இருக்கும். 1964-ல் ஸ்டீவ் பனியில் உறைந்திருந்தது சுமார் 20 வருடம். 2005-ல் படிக்கிறவருக்கு அதே ஸ்டீவ் 50 வருடத்துக்கு மேல் உறைந்திருந்தவன். அவன் உறக்கம் மட்டும் நீண்டுகொண்டே போகிறது, அவனுக்கு வயது ஆவதில்லை. ஷேரனுக்கும் எப்போதும் முப்பதுக்குப் பக்கம்தான். ஆனால் பெக்கி? அவள் 1945-ல் ஆணி அடித்து மாட்டப்பட்டவள். போரில் இருந்தவள் என்பதை மாற்ற முடியாது. 2005-ல் அவளுக்கு 80 வயது. முப்பது வயதுப் பெண்ணுக்கு 80 வயதில் கூடப்பிறந்த அக்கா இருக்க முடியுமா?

அதனால் உறவு முறையை மாற்றினார்கள். ஏற்கெனவே வந்த கதையைப் பின்னாளில் இப்படித் திருத்துவதை காமிக்ஸ் உலகத்தில் ரெட்கான் என்று சொல்வார்கள். அக்காவாக இருந்த பெக்கி, ஷேரனுக்கு அத்தையானாள். இன்னும் வருடங்கள் போகவும் அதுவும் பத்தவில்லை. அத்தைப் பாட்டியானாள். இங்கிலீஷில் எந்தப் பக்கத்து ஆன்ட்டி என்று சொல்லாமல் தப்பித்துக்கொள்ளலாம். தமிழில் சொல்லும்போது இருவருக்கும் கார்ட்டர் என்ற குடும்பப் பெயர் இருப்பதால் அப்பா வழி என்று எடுத்துக்கொண்டு அத்தை என்று சொல்றேன்.

இந்த மாற்றத்தில் எதை இழந்தோம் என்றும் பார்க்கணும். அக்கா தங்கை என்றால் இருவரும் ஒரே ஆளை விரும்பிய வலி இருக்கிறது. அத்தைப் பாட்டி என்றால் அந்த வலி போய்விடும். அதற்குப் பதிலாக, பெக்கியின் போர்க் கதைகளைக் கேட்டு வளர்ந்து, அவளைப் போல ஆக வேண்டும் என்று உளவு வேலைக்கு வந்த பெண் என்ற பகுதி மட்டும் பெரிதாகிறது. ஸ்டீவின் இளமையைக் காப்பாற்ற, இரண்டு பெண்களுக்கு நடுவே இருந்த உறவே மாற்றி எழுதப்பட்டது. ஹீரோ பக்கத்தில் ஒரு வரி மாறவில்லை.

1979: சாவு. 1995: கோபம்

அடுத்தது அவளுடைய சாவு. 1979-ல் நேஷனல் ஃபோர்ஸ் என்ற வெறுப்புக் கூட்டத்தை ஸ்டீவ் எதிர்க்கிறான். அதற்குப் பின்னால் இருப்பவன் டாக்டர் ஃபாஸ்டஸ், மனோதத்துவ மருத்துவனாக வருகிற வில்லன். ஷேரனின் மனதை அவன் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருகிறான். அவள் அந்தக் கூட்டத்தின் உடையில் நின்று, தீயில் எரிந்து செத்துப்போகிறாள். ஸ்டீவ் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. அப்புறம் வீடியோ பதிவில்தான் பார்க்கிறான். துக்கம் அவனுக்கு, கதையும் அவனுக்கு. அவள் முடிந்துவிட்டாள்.

16 வருடம் யாரும் அவளைத் தொடவில்லை. 1995-ல் மார்க் வெய்ட் கதை எழுத, ரான் கார்னி வரைய, 444-ம் இதழில் அவள் திரும்பி வருகிறாள். அந்தச் சாவு போலி என்று காரணம் சொல்லப்படுகிறது. ஒரு ரகசியப் பணிக்காக ஷீல்டு செய்த ஏற்பாடு. பணி கெட்டுப்போனது, அவளை எதிரி நாட்டுக்குள் அப்படியே விட்டுவிட்டார்கள்.

செத்தவர்கள் திரும்பி வருவது காமிக்ஸில் புதுசு இல்லை. ஆனால் வெய்ட் ஒரு நல்ல காரியம் செய்தார். திரும்பி வந்தவளை ஸ்டீவைக் கட்டிப்பிடித்து அழவிடவில்லை. கோபத்தோடு வந்தாள். இத்தனை வருடம் கூலிக்கு வேலை செய்து, தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டு வந்தவள். ரெட் ஸ்கல் போன்ற பரம எதிரியோடு கைகோர்க்கக்கூடத் தயங்காதவள். "என்னை விட்டுட்டுப் போனீங்களே, யாராவது தேடினீங்களா?" என்பது மாதிரி ஒரு முகம். ஒரு துணைப் பாத்திரம் அந்தத் தொடரையே பார்த்துக் கேட்கிற கேள்வி மாதிரி எனக்குத் தோணும். 16 வருடம் வாசகர்களும் அவளைத் தேடவில்லையே.

2007: யார் கையில் துப்பாக்கி?

இந்தப் பாத்திரத்தின் மிகப் பெரிய கட்டம் இதற்குப் பிறகுதான் வருகிறது. 2007-ல் எட் புரூபேக்கர் எழுதி, ஸ்டீவ் எப்டிங் வரைந்த 'கேப்டன் அமெரிக்கா' 25-ம் இதழ். சூப்பர் ஹீரோக்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்துப் போராடிய ஸ்டீவ், சரணடைந்து, கைவிலங்கோடு நீதிமன்றப் படிக்கட்டில் ஏறுகிறான். தூரத்திலிருந்து ஒரு குண்டு பாய்கிறது. கூட்டம் சிதறுகிறது. அந்தக் குழப்பத்தில் பக்கத்திலிருந்து மேலும் குண்டுகள். கேப்டன் அமெரிக்கா செத்துப்போகிறான். அன்றைக்கு இது செய்தித்தாள்களிலும் டிவியிலும் வந்த செய்தி.

தூரத்திலிருந்து சுட்டவன் கிராஸ்போன்ஸ் என்ற கூலிப்படை ஆள். பக்கத்திலிருந்து சுட்டது யார் என்பது இதழின் கடைசியில் தெரிகிறது. ஷேரன். மறுபடி டாக்டர் ஃபாஸ்டஸ். ஷீல்டுக்குள் மனநல மருத்துவராக வேஷம் போட்டு உட்கார்ந்து, சிகிச்சைக்கு வந்த ஷேரனின் மனதுக்குள் கட்டளையைப் பதித்துவிட்டான்.

1979-ல் அதே வில்லன், அதே முறை. ஆனால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. 1979-ல் அவள் எரிந்து போனதும் அவள் பக்கம் முடிந்துவிட்டது. 2007-ல் ஸ்டீவ் போய்விட்டான், அவள் மிச்சமிருக்கிறாள். அடுத்து வந்த பல இதழ்களில் கேப்டன் அமெரிக்கா இல்லாத கேப்டன் அமெரிக்கா தொடரை நகர்த்தியவர்களில் அவள் முக்கியமானவள். தான் செய்ததைத் தெரிந்துகொண்டு வாழ வேண்டும். வயிற்றில் ஸ்டீவின் குழந்தை இருக்கிறது. எதிரிகளிடம் சிறைப்படுகிறாள். அங்கேயே அந்தக் கருவையும் இழக்கிறாள். முதல் முறையாக, துக்கம் யாருக்கு நடக்கிறதோ அவளுடைய கண் வழியாகவே கதை சொல்லப்படுகிறது.

இங்கே ஒரு எதிர்க் கேள்வி நியாயமா வரும். பெண்ணைத் துன்பப்படுத்திக் கதையை நகர்த்துவதுதானே இதுவும்? 1999-ல் கெயில் சிமோன் ஒரு பட்டியல் போட்டார். ஹீரோவுக்குக் கோபம் வர வேண்டும் என்பதற்காகவே கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட பெண் பாத்திரங்களின் பட்டியல். 1994-ல் வந்த ஒரு 'கிரீன் லேன்டர்ன்' கதையில் ஹீரோவின் காதலியைக் கொன்று குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். பட்டியலுக்கு அந்தக் காட்சியை வைத்துத்தான் பெயர் கொடுத்தார். அவர் பின்னாளில் காமிக்ஸ் எழுத்தாளராகவே பெயர் வாங்கினார்.

ஷேரனின் 1979 சாவு அந்தப் பட்டியலின் வகையைச் சேர்ந்ததுதான், சந்தேகமே இல்லை. 2007-ஐ என்னால் அப்படி முழுசாகச் சேர்க்க முடியவில்லை. ஆனால் முழுசாக விடவும் முடியவில்லை. ஏன்னா, அவளுக்குக் கதையின் நடு இடம் கிடைத்தது உண்மை. அது எப்படிக் கிடைத்தது? அவள் மனது அவளிடம் இல்லாத ஒரு நொடியில் செய்த கொலையால். குற்றம் அவளுடையது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் அவளால் சொல்லிக்கொள்ள முடியாது. ஒரு உளவாளியின் வாழ்க்கையே இப்படித்தான். கட்டளை யாரோ போடுவார்கள், கை இவர்களுடையதாக இருக்கும். புரூபேக்கர் ஒரு ஹிப்னாடிசக் கதையை வைத்து இதைச் சொல்லிவிட்டார் என்றுதான் நான் படிக்கிறேன். இந்த இடத்தில் நீங்க என்னோடு ஒத்துப்போகணும்னு இல்லை.

2009-ல் தொடங்கிய 'ரீபார்ன்' தொடரில், அந்தத் துப்பாக்கி சாதாரணத் துப்பாக்கி இல்லை, ஸ்டீவ் காலத்துக்குள் சிக்கிக்கொண்டிருக்கிறான் என்று தெரிகிறது. அவன் திரும்பி வருகிறான். ஹீரோவின் சாவை அழித்துவிடலாம். சுட்டவளின் ஞாபகத்தை அவ்வளவு சுலபமாக அழிக்க முடியாது.

கிழவியானவள்

வயதுக் கணக்கு இன்னும் முடியவில்லை. 2012-ல் ரிக் ரெமெண்டர் எழுதத் தொடங்கிய தொடரில் ஸ்டீவ் டைமென்ஷன் இஸட் என்ற வேறொரு உலகத்தில் மாட்டிக்கொள்கிறான். அங்கே காலம் வேறு வேகத்தில் ஓடும். அவனை மீட்கப் போன ஷேரன் 2013-ல் அங்கேயே செத்துவிட்டதாக நினைக்கிறோம். சாகவில்லை. அங்கேயே பல வருடங்கள் வாழ்ந்துவிட்டு, தலை நரைத்து, நடுத்தர வயதைத் தாண்டித் திரும்பி வருகிறாள்.

அதே 2014-ல் ஸ்டீவின் உடம்பிலிருந்த மருந்தின் சக்தி போய், அவனும் கிழவனாகிறான். கொஞ்ச காலம் இரண்டு பேரும் வயதான ஜோடி. எனக்கு அந்தக் கட்டம் ரொம்பப் பிடிக்கும். ஆனால் 2016-ல் ஸ்டீவுக்கு இளமை திரும்பிவிட்டது. அட்டையில் இருப்பவன் ஆச்சே, எத்தனை நாள் கிழவனாக வைத்திருக்க முடியும்? ஷேரன் மட்டும் அப்படியே இருந்தாள். 2018-ல் டா-நெஹிசி கோட்ஸ் எழுதத் தொடங்கும்போதும் அவள் நரைத்த தலையோடு, கட்டுமஸ்தான இளைஞனின் பக்கத்தில் நிற்கிறாள். அந்தத் தொடர் போகப் போகத்தான் அவளுக்கும் இளமை திரும்புகிறது. நடுவில் இருந்த அந்தச் சில வருடங்கள், பெக்கிக்கு நடந்தது ஷேரனுக்கே நடந்த காலம்.

படங்களில் என்ன ஆனது?

படங்களையும் சுருக்கமா பார்த்துடலாம். 2011-ல் வந்த முதல் படத்தில் ஹேலி அட்வெல் பெக்கியாக நடித்தார். அந்த நடிப்பு அவ்வளவு பிடித்துப்போனதால் பெக்கிக்குத் தனித் தொலைக்காட்சித் தொடரே வந்தது. 2014-ல் 'தி வின்டர் சோல்ஜர்' படத்தில் எமிலி வான்கேம்ப் ஷேரனாக வருகிறார். ஸ்டீவின் பக்கத்து வீட்டில் நர்ஸ் வேஷத்தில் இருந்து அவனைக் காவல் காக்கும் ஏஜென்ட் 13.

2016-ல் 'சிவில் வார்' படத்தில் பெக்கி இறந்துபோகிறாள். லண்டனில் நடக்கும் இறுதிச் சடங்கில் ஷேரன் பேசுகிறாள். அப்போதுதான் அவள் பெக்கியின் குடும்பத்துப் பெண் என்பது ஸ்டீவுக்குத் தெரிகிறது. பிறகு அரசு பறிமுதல் செய்த கேடயத்தை எடுத்து அவனிடம் கொண்டுவந்து கொடுக்கிறாள். அது சட்டப்படி திருட்டு. அதற்கான விலை அவளுக்குத்தான். 2019-ல் 'எண்ட்கேம்' முடிவில் ஸ்டீவ் பழைய காலத்துக்கே போய் பெக்கியோடு வாழ்ந்து, நிம்மதியாக வயதாகித் திரும்பி வருகிறான். 2021-ல் 'தி ஃபால்கன் அண்ட் தி வின்டர் சோல்ஜர்' தொடரில் ஷேரனைப் பார்க்கிறோம். மன்னிப்பு கிடைக்காமல் மாட்ரிபூர் என்ற கற்பனைத் தீவில் தலைமறைவாக இருக்கிறாள். கடைசியில் அந்த ஊரின் கள்ளச் சந்தையை ஆட்டிவைக்கும் பவர் புரோக்கரே அவள்தான் என்று தெரிகிறது.

பல ரசிகர்கள் "கேரக்டரைக் கெடுத்துட்டாங்க" என்று வருத்தப்பட்டார்கள். எனக்கு வருத்தம் இருக்கு, ஆச்சரியம் இல்லை. காமிக்ஸில் அவளுக்கு நடந்துகொண்டே இருந்ததைத்தான் படமும் செய்தது. ஹீரோவுக்காகச் சட்டத்தை மீறியவள் நடுத்தெருவில் நிற்க, ஹீரோ அழகான முடிவோடு போய்விட்டான். கறை அவளிடம் தங்கிவிட்டது. 1995-ல் மார்க் வெய்ட் காட்டிய அதே கோபம் இந்தத் தொடரிலும் அவள் முகத்தில் இருக்கிறது. அந்தக் கோபத்தை இன்னும் நாலு காட்சி பேசவிட்டிருக்கலாம் என்பதுதான் என் குறை.

எங்கிருந்து படிக்கலாம்?

ஷேரனைத் தொடர்ந்து படிக்கணும்னா 1966-லிருந்து எல்லாவற்றையும் தேட வேண்டாம். இரண்டு இடங்கள் போதும். ஒன்று, மார்க் வெய்ட், ரான் கார்னியின் 'ஆபரேஷன் ரீபர்த்' தொகுப்பு. கோபத்தோடு திரும்பி வரும் ஷேரன் அதில்தான். இரண்டாவது, எட் புரூபேக்கர் 2005-ல் தொடங்கிய தொடர். 'வின்டர் சோல்ஜர்' தொகுப்பில் தொடங்கி, 'தி டெத் ஆஃப் கேப்டன் அமெரிக்கா' வழியாக 'ரீபார்ன்' வரைக்கும் போங்க. 25-ம் இதழை நேராகப் படித்தாலும் புரியும். ஆனால் அதற்கு முன்னால் இருக்கிற 24 இதழ்களில் ஷேரன் எப்படி இருந்தாள் என்று தெரிந்துகொண்டு படித்தால்தான், கடைசிப் பக்கம் வலிக்கும்.

படிக்கும்போது ஒரே ஒரு விஷயத்தைக் கவனிச்சுப் பாருங்க. ஹீரோ ஒரு சிக்கலிலிருந்து சுத்தமாக வெளியே வரும்போது, அந்தச் சிக்கலின் மிச்சம் யாரிடம் போய்ச் சேருகிறது என்று பாருங்க. ஷேரன் கதையில் மட்டும் இல்லை, எந்தத் தொடரிலும் பார்க்கலாம். பெரும்பாலும் அட்டையில் பெயர் இல்லாத ஒருத்தரிடம்தான் இருக்கும். அப்படி உங்களுக்குத் தோணுகிற பாத்திரம் யாருன்னு எழுதுங்க, அடுத்த எபிசோடுகளில் அவங்களைப் பற்றியும் பேசலாம்.